கன்றுக்கு ஒரு காம்பு

காலையில் சங்கு ஊதியதும் காங்கேயம் மருந்துச் சங்கத்தின் முன்னால் பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். கையில் கேன் இல்லை, தூக்குப்போசி இல்லை. இடது பக்கம் ரவிக்கைக் கையை மட்டும் சுருட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். இதே கட்டடத்தில் பால் ஊற்றிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. மாடு பார்க்க வேண்டுமென்றால் இப்போது டிக்கெட் எடுத்துக் காட்சிசாலைக்குப் போகவேண்டும். கறவை மட்டும் நிற்கவில்லை. இப்போது கறப்பது மனுஷியை.

விஷயம் ரொம்பச் சுலபம். தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், கோழிமுட்டை அளவில் ஒரு பை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதற்கு ஊறுபை என்று பெயர். அதற்குள் குடியிருக்கும் உயிரணுக்கள் ரத்தத்திலிருந்து தமக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு, கம்பெனி சொல்லிக்கொடுத்த மருந்தைச் சுரக்கும். முன்பு இந்த மருந்துகளைப் பெரிய பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்தார்கள். தொட்டிக்குச் சூடு வேண்டும், காவல் வேண்டும், கரண்ட் வேண்டும். பெண்ணின் உடம்போ தன் சோற்றைத் தானே சம்பாதித்துத் தின்றுகொள்கிறது. கம்பெனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குணவதியின் முறை வந்தது. கறவைக்கை என்ற இயந்திரம் அவள் தோளில் ஊசியைச் செருகி, வார ஊறலை உறிஞ்சியெடுத்து, பாலுக்குப் பார்ப்பதுபோல அதன் அடர்த்தியை டிகிரியில் அளந்து சொன்னது.

"டிகிரி கம்மிங்க அம்மிணி. தண்ணி எச்சாக் குடிச்சீங்களாட்டம்?"

"வெயில் இந்தக் கொளுத்துக் கொளுத்துது. தண்ணியக் குடிக்காம வேற என்னத்தக் குடிக்கிறது?"

பேச்சுக்குப் பலனில்லை. பிடித்தம் போக நூற்றைம்பது ரூபாய் கணக்கில் ஏறியது. அந்த ஊறல் ஒரு முழு ஊசிக்குப் போதும்.

அதே ஊசிதான் அவள் புருஷன் ராசப்பனுக்கு மாதம் ஒன்று வேண்டியிருந்தது. எலும்பிறுக்க நோய். முதுகெலும்பு கெட்டித்துப்போய், இப்போது விலா எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. மூச்சை இழுத்தால் நெஞ்சு விரியாது. இன்னும் இரண்டு மாதம் மருந்தில்லாமல் போனால் அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வெளிநாட்டு அசல் மருந்து ஊசி பன்னிரண்டாயிரம். அதற்கு ஒப்பாக நம் கம்பெனி ஊறவைத்த ஒப்புமருந்து, ஏழைகளுக்கு விடிவுகாலம் என்று ஊரெல்லாம் தட்டி கட்டி வந்தது. விலை பத்தாயிரம்.

காப்பீட்டுக் கம்பெனியில் அபயம் என்றொரு பேசும் இயந்திரம். வாய் நிறைய உள்ளூர்ப் பேச்சைப் பழக்கி வைத்திருந்தார்கள். குணவதி அதனிடம் உதவி கேட்டாள்.

"வருசத்துல மொத ஆறு ஊசி உங்க செலவுங்க அம்மிணி. ஏழாவதுல இருந்து பாதிய நாங்க தந்தர்றோமுங்க."

"மாசம் ஒரு ஊசிங்க. ஏழாவது வரைக்கும் அந்த மனுசன் இருக்கோணுமில்லீங்க?"

"இல்லாமப் போயிட்டா அதுக்குத் தனித் திட்டம் இருக்குதுங்க. சேர்த்து உட்டறட்டுங்களா?"

"என்ற உடம்புல ஊறுற மருந்துங்க அது!" என்று கத்தினாள் குணவதி.

"உங்ககிட்ட எடுக்கறது ஊறலுங்க. உங்களுக்கு விக்கறதுதானுங்க மருந்து."

அடுத்த வாரம் சங்கத்தில் அவள் கறவைக்கையிடமே கெஞ்சிப் பார்த்தாள். "அந்தக் காலத்துல மாட்டுக்காரன்கூடக் கன்னுக்குட்டிக்கு ஒரு காம்பு உட்டுவெப்பானாமா. மாசத்துல ஒரே ஒரு கறவைய எனக்கு உட்றுங்களேன்."

"மாடு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலீங்களே அம்மிணி" என்றது கறவைக்கை, மரியாதை கொஞ்சமும் குறையாமல்.

அன்றைக்குத்தான் குணவதி துணிந்தாள். மூன்று வருஷமாகத் தன் தோளில் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தவளுக்கு இடம் தெரியாதா, அளவு தெரியாதா? அடுத்த கறவைக்கு முந்தின நாள், அடுப்படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, மருந்துக் கடையில் வாங்கிய ஊசியால் தன்னைத்தானே கறந்தாள். தப்பாகப் போனால் புருஷனைத் தன் கையாலேயே கொன்றதாகிவிடும். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ராசப்பனின் தொடையில் ஏற்றினாள். சங்கத்தில், காய்ச்சலில் கறவை வற்றிப்போச்சு என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மருந்து வேலை செய்தது. பிறகு ஒவ்வொரு சாக்காகச் சொல்லி மாதம் ஒரு கறவை ராசப்பனுக்கு, மற்றவை சங்கத்துக்கு. மூன்றாவது ஊசிக்கெல்லாம் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். நாலாவதுக்கு வாசலில் நடந்தான். குணவதி கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தனையும் சந்தோஷம்.

ராசப்பன் அப்படி வாசலில் நடந்துபோவதைத்தான் எதிர்வீட்டுத் தனக்கொடி பார்த்துவிட்டாள். அவளும் சங்கத்து வரிசையில் நிற்கிறவள்தான். ஆனால் அவள் பையில் ஊறுவது சர்க்கரை மருந்து. அவளுடைய பத்து வயது மகளுக்கு ராசப்பனின் நோயே வந்து, முழங்கால் இரண்டும் மடங்காமல் கிடக்கிறது.

"குணக்கா, மாமன் நடக்கறதப் பாத்தேன். கம்பெனி ஊசிக்கு உங்கிட்டக் காசேதுன்னு எனக்குத் தெரியும். நான் வெளிய மூச்சு உடமாட்டேன். எம்புள்ளைக்கும் ஒண்ணு போட்டுடுக்கா."

குணவதிக்கு மனசு இளகியது நிஜம். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் என்னென்னவோ ஞாபகம் வந்து தொலைத்தது. பிடிபட்டால் பையைப் பிடுங்கிக்கொண்டு ஜெயிலில் போடுவார்கள். இன்னொரு கறவையும் வற்றினால் சங்கம் சந்தேகப்படும். ஊசி குத்துகிற வலி வேறு.

"கம்பெனில பத்தாயிரம் கண்ணு" என்றாள். "நீ எட்டாயிரம் குடு, போதும்."

தனக்கொடி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். குணவதி சிரிக்கவில்லை.

"என்னக்கா இது? சங்கத்துல நூத்தம்பதுதான தர்றாங்க? நான் ஆயிரம் தர்றேன்."

"என்ற கையில எத்தன ஆபத்து இருக்குது தெரியுமா? எட்டுக்கே வேற யாராச்சும் கேட்டா நான் தரமாட்டேன். நீயாங்காட்டிக்குச் சொல்றேன்."

அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். பெரிய தர்மம் செய்கிற நினைப்பு அவளுக்கு. தனக்கொடி எழுந்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போனாள்.

உள்ளேயிருந்து ராசப்பன் யார் துணையும் இல்லாமல் நடந்து வந்தான். தெருவைத் தாண்டிப் போகிறவளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"எதுக்கு எட்டுக்கு எறக்குன? ஒம்பதுன்னு சொல்லியிருந்தாலும் வந்துதான ஆவா?"

"பாவமுங்க. நோவுல கெடக்கற புள்ளைய வெச்சிருக்கறா."

"அதனாலதான் சொல்றேன்" என்றான் ராசப்பன்.