ஆஜர் சொல்லாத சரக்கு

செவ்வாய்க் கிரகத்தில், செங்குடி நகரின் காற்றடைத்த ஐந்தாவது குமிழில், காலையில் கடை திறந்ததும் தங்கபுஷ்பம் செய்கிற முதல் வேலை சரக்குகளுக்கு ஆஜர் எடுப்பது. கேட்புக்கோலைக் கையில் எடுத்து அலமாரி அலமாரியாக நீட்டிக்கொண்டே போவாள். சரக்குகள் ஒவ்வொன்றாகப் பேசும்.

"நான் அடைப்புச் சுருள். நிலவுப் பட்டறையில் செய்தது. சுவர் இடுக்கில் பத்து வருடம் காற்றைக் காப்பேன்."

"நான் குழாய் முழங்கை. கொதிநீருக்கு ஆகமாட்டேன்."

கதவுக் கீல்கள்தான் தொல்லை. ஒரு பெட்டிக்கு நூறு கீல்; கோலைக் கண்டதும் நூறும் ஒரே நேரத்தில் ஒப்பிக்கத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலுக்குள் எந்தக் கீல் வாய் திறக்கவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதற்குச் சொல்முத்திரை என்று பெயர். செய்த இடத்திலேயே பொருளின் மேல் தடவிவிடுகிற மெல்லிய பூச்சு. செய்தவர் யார், எங்கே செய்தது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைப் பொருளே சொல்லிவிடும். பேசாத பொருளை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது. பேசாத பொருள் வேண்டுமென்று யாராவது கேட்டாலே கடைக்காரர் அந்த நிமிடமே மேசைக்கு அடியில் இருக்கும் புகார்ப் பித்தானை அழுத்திவிட வேண்டும். அழுத்தாவிட்டால் உரிமம் போகும்.

உரிமம் போவது இங்கே சின்ன விஷயமில்லை. தொழில் இல்லாதவர்களுக்கு நகரம் காற்றுப் பங்கு தராது. பூமிக்குத் திரும்பும் அடுத்த கப்பலில் ஏற்றிவிடும். தங்கபுஷ்பம் வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. செவ்வாயின் லேசான இழுவையில் இளைத்துப்போன எலும்பு பூமியின் கனத்தைத் தாங்காது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். படுக்கையில் கிடந்துதான் மீதி வாழ்க்கை.

சட்டத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை. மூன்றாவது குமிழில் ஒரு வாடகைக் குடியிருப்பின் சுவர் பிளந்து காற்று போனபோது, உள்ளே பூச்சு வேலை செய்துகொண்டிருந்தவர் அவள் கணவர் ஞானதிரவியம். யார் செய்ததென்றே தெரியாத மலிவான சுருளை அந்தச் சுவரில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம்தான் இது. அவளுடைய எரிச்சலெல்லாம் அந்தச் சட்டம் மூன்று காலில் நடந்து கடைக்குள் வருகிற விதத்தின் மேல்தான்.

சோதகர் ஓர் இயந்திரம். மூன்று கால், ஒரு நீளக் கை, நெஞ்சில் ஒரு பச்சை விளக்கு. ஐந்தாவது குமிழுக்கு அது ஒன்றுதான் அதிகாரி. முதல் தடவை வந்தபோது, மேசைமேல் காகிதத்தில் மடித்து வைத்திருந்த நாலு திருகாணியை எடுத்துப் பார்த்தது.

"இவை பேசவில்லை."

"பொட்டலம் பேசுமே ஐயா. அதோ இருக்கு பாருங்க. சின்னச் சாமானுக்குப் பொட்டலத்துல முத்திர இருந்தாப் போதும்னு சட்டமே சொல்லுது."

"பொட்டலத்தைப் பிரித்துவிட்டீர்கள். பிரித்த பிறகு இவை யாரோ செய்த ஆணிகள்."

"நாலு ஆணி கேக்க ஆளுக்கு ஐந்நூறு ஆணிப் பொட்டலத்தை எப்படி ஐயா குடுக்கது?"

"குறை இருக்கிறது. சரிசெய்து வையுங்கள். மீண்டும் வருவேன்."

உதிரி ஆணிகளையும், பழைய இருப்பில் கிடந்த பேசாத சுருள்களையும் வாரி ஒரு சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியது சோதகர். அழிப்பு வண்டி வரும்வரை பெட்டியைக் கடைக்காரரே பத்திரமாக வைத்திருக்க வேண்டுமாம். வண்டி வரவே இல்லை. பெட்டி மட்டும், யாராவது பக்கத்தில் போனால், "நான் விற்பனைக்கு அல்ல" என்று சொல்லிக்கொண்டு வழியை அடைத்துக் கிடந்தது.

இரண்டாவது தடவை மாட்டியவை கல்காரை மூட்டைகள். அவை பேசத்தான் செய்தன, ஆனால் கொரிய மொழியில். வாங்குபவருக்குப் புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல என்றது சோதகர். தங்கபுஷ்பம் இரண்டு நாள் தொண்டை கட்டப் பேசி, மூட்டை மூட்டையாகத் தன் குரலையே பதித்துவைத்தாள். "நான் கல்காரை. கண்ணுல படாம பாத்துக்கிடுங்க. பிள்ளைகள அண்டவிடாதீங்க" என்று மூட்டைகள் அவளைப் போலவே அலுத்துக்கொண்டு பேசின. சோதகர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது.

"இப்போது இவை உங்கள் குரலில் பேசுகின்றன. சட்டப்படி நீங்களே இவற்றைச் செய்தவர் ஆகிறீர்கள். உங்கள் ஆலை எங்கே?"

அவள் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூட்டை அவளுக்குக் கீழே, "கண்ணுல படாம பாத்துக்கிடுங்க" என்றது.

செய்தவன் நிலவில் இருக்கிறான். ஏற்றி அனுப்பியவன் பூமியில் இருக்கிறான். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவள் கடைக்காரிதான். இரண்டு குறை விழுந்தாயிற்று. மூன்றாவது விழுந்தால் உரிமம் போகும், பிறகு கப்பல்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அருமைநாயகம் வந்து நின்றான். சுவர் எழுப்பும் ஒப்பந்தக்காரன். ஞானதிரவியத்தோடு வேலை பார்த்தவன் என்பதால் அவளை மதினி என்றே கூப்பிடுவான்.

"மதினி, பேசாத சுருள் ஏதும் கிடக்கா? பாதி வெலைக்குத் தாங்க."

"ஒம்ம வாயில என்னத்தக் கொட்டுதது. பித்தான அமுக்கணும்னு தெரியும்லா?"

"அமுக்க மாட்டீயன்னுதான கேக்கேன். நமக்கில்ல மதினி, வாடகைக்கு விடுத பக்கத்துக்கு. நாம இருக்க பக்கத்துக்கு நல்லதாத்தான் போடுதோம்."

"ஒங்க அண்ணன் செத்ததும் வாடகைப் பக்கத்துலதான் ஓய்."

அருமைநாயகம் பேச்சை மாற்றினான்.

"பத்து வருசம் வேலை பாத்த மெஷினுக்கெல்லாம் சொந்த மனை குடுக்காவளாம். கேட்டீயளா? இனி அதுகளுக்கும் நான்தான் வீடு கட்டணும். அதுகளாவது பேரம் பேசாது."

தங்கபுஷ்பம் பித்தானை அழுத்தவில்லை. அன்று முழுக்க அந்தப் பயத்தோடேயே இருந்தாள். இனி பயந்து முடியாது என்று, மறுநாளிலிருந்து ஒழுங்காக வேலையில் இறங்கினாள். கொரிய மூட்டைகளைத் தன் செலவில் திருப்பி அனுப்பி, தமிழில் பேசினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டாள். நிலவுப் பட்டறைக்காரனிடம் நச்சரித்து, நாலு ஆணிக்கு ஒரு குட்டிப் பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை என்று செய்யவைத்தாள். வந்து இறங்குகிற சரக்கை ஆஜர் எடுக்காமல் கடைக்குள் ஏற்றுவதில்லை. எவனிடம் எதை வாங்கினாள், எவனுக்கு விற்றாள் என்று கேட்டால் காட்டக் கணக்கேடு வைத்தாள். உதிரி கேட்டு வந்தவர்கள் முறைத்தார்கள். "ஓட்டை நாலு, ஆணியும் நாலு, அதுக்கு ஒரு பொட்டலமா? கல்யாணப் பொண்ணு மாதிரிலா ஆணிய அனுப்புதீய" என்று ஒருவர் வாசலிலேயே நின்று புலம்பிவிட்டுப் போனார்.

மூன்றாவது தடவை சோதகர் வந்தது. அலமாரி அலமாரியாக நீளக் கையை நீட்டியது. கீல்கள் கத்தின. மூட்டைகள் தமிழில் எச்சரித்தன. ஆணிப் பொட்டலங்கள் தங்கள் ஊரைச் சொல்லின. சிவப்புப் பெட்டி, "நான் விற்பனைக்கு அல்ல" என்றது. தங்கபுஷ்பம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குறை இல்லை" என்றது சோதகர். உரிமப் பலகையில் பச்சைக் கோடு ஒன்று ஏறியது. மூன்று காலும் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் அந்த விளிம்பை விட்டாள். உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது.

சாயங்காலம், கடையை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதே காலடிச் சத்தம்.

"குறை இல்லைன்னு சொன்னீயளே ஐயா."

"அது காலையில. இப்ப நான் வேலை நேரத்துல இல்ல மதினி" என்றது சோதகர்.

அவள் கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது. இத்தனை நாளும் அச்சடித்த தமிழில் பேசிய இயந்திரம் அது. இப்போது மேசைமேல் சாய்ந்துகொண்டு நின்றது.

"எனக்கும் ஒரு மனை அலாட் ஆயிருக்கு. ரெண்டு பக்கமா வீடு கட்டப் போறேன். ஒரு பக்கம் நான் மின்னேத்திக்கிட, இன்னொரு பக்கம் மனுசருக்கு வாடகைக்கு. அதுக்கு அடைப்புச் சுருள் வேணும்."

"அலமாரியில இருக்கே. எடுத்துக்கிடுங்க. எல்லாம் பேசும்."

"அது வெல ஜாஸ்தில்லா." சோதகர் குரலைத் தணித்தது. "பேசாதது ஏதும் கிடக்கா?"

இது தன்னைச் சோதிக்கத்தான் என்று தங்கபுஷ்பத்துக்கு உடனே தோன்றியது.

"பேசாத சரக்கு இந்தக் கடையில கிடையாது."

நீளக் கை மெல்ல நீண்டு வழியில் கிடந்த சிவப்புப் பெட்டியைத் தட்டியது. "நான் விற்பனைக்கு அல்ல" என்றது பெட்டி.

"அது நீங்க பூட்டுனது."

"பூட்டுனவன்தான தொறக்க முடியும். அழிச்சாச்சுன்னு நானே எழுதிக்கிடுதேன்."

"ஐயா, அது காத்தத் தாங்காது. அதுக்குத்தான பூட்டுனீய."

"எனக்குக் காத்து எதுக்கு? வாடகைக்கு விடுத பக்கத்துக்குத்தான மதினி."

அவளுக்கு ஞானதிரவியத்தின் பூச்சுக் கரண்டி நினைவுக்கு வந்தது. சுவர் பிளந்த இடத்திலிருந்து அவள் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

"யாரு ஒங்களுக்கு இப்படிக் கேக்கச் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டாள்.

"சட்டம்னா எங்களுக்குத் தெரியும். வீடு கட்டுதது தெரியாதுல்லா. அதனால மனை குடுக்கும்போதே படிக்கவும் குடுத்தாவ. பூமியிலயும் இங்கயும் மனுசரு வீடு கட்டும்போது கடையில நின்னு பேசின பேச்சு அம்புட்டும். லட்சக்கணக்குல இருக்கு." அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. "எல்லாரும் முதல்ல கேக்க கேள்வி இதுதான். அதான் நானும் முறைப்படி ஆரம்பிச்சேன்."

தங்கபுஷ்பம் இந்தத் தடவை யோசிக்கவில்லை. மேசைக்கு அடியில் கையை விட்டுப் புகார்ப் பித்தானை அழுத்தினாள். நன்றாக, கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினாள்.

சோதகரின் நெஞ்சில் பச்சை விளக்கு எரிந்தது. அது நிமிர்ந்து நின்றது. குரலில் பழைய அச்சுத் தமிழ் திரும்பியது.

"ஐந்தாவது குமிழ். முத்திரையற்ற பொருள் கேட்கப்பட்டதாகப் புகார் வந்து சேர்ந்தது. கடமை தவறாத கடைக்காரருக்கு நன்றி. இந்தக் குமிழின் சோதகர் உரிய முறையில் விசாரிப்பார்."

விளக்கு அணைந்தது. சோதகர் மறுபடி மேசைமேல் சாய்ந்தது.

"புகார நான் பாத்துக்கிடுதேன் மதினி. நீங்க வெலையச் சொல்லுங்க."