முகர்ந்து பார்க்காத புகை

வண்டிப் புகையைப் பரிசோதிக்கும் அந்த நிலையத்தில் மெஷின் சொல்லாததையும் அந்த அம்மாளின் மூக்கு சொல்லிவிடும் என்று பேச்சு. அதனாலேயே அவளுக்குப் புகைக்காரம்மா என்று பெயர் வந்தது. கண்ணாடியில் சான்று ஒட்டுகிற அவள் கணவனுக்குக் கிடைத்த பட்டமோ ஸ்டிக்கர்க்காரர். இத்தனைக்கும் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவன் அவன்தான். கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படலாமா என்றால், படக்கூடாதுதான். வயிறு எரிகிறபோது யார் நியாயம் பார்க்கிறார்கள்?

அன்று மதியம் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து சின்னவன் வந்தான். அவன் அப்பாதான் அதன் முதலாளி. அண்ணனும் அங்கேயேதான் வேலை பார்க்கிறான். பையனுக்குக் கண் சிவந்திருந்தது.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள நான் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போயிடணுமாம். இந்தத் தொழிலே உனக்கு வேணாம்னு அப்பா சொல்லிட்டார்."

"உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு," என்றாள் அவள்.

டாக்ஸிக்காரர் ஒருவரின் கார் இன்ஜினைச் சின்னவன் தனியாகப் பிரித்துக் கட்டியிருந்தான். அன்று காலையில் வண்டியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஓடவிட்டு, முதலாளி பின்னால் குந்தி, சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடிப்பார். புகையை நன்றாக முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். அப்புறம்தான் சாவி கைமாறும்.

"இன்னிக்கு முழங்கால் வலின்னு துணியை அண்ணன்கிட்ட குடுத்துட்டு, அப்பா பானெட் பக்கம் நின்னுக்கிட்டார். ஸ்டார்ட் பண்ணப்போ ஒண்ணுமில்லக்கா. கொஞ்ச நேரம் ஓடி சூடானதும் குபுகுபுன்னு ஒரே புகை. அண்ணன் மூஞ்சியிலயே அடிச்சு, இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணி. அப்பா நின்ன எடத்துலேர்ந்தே, 'கேஸ்கெட் போச்சு, தண்ணி உள்ள இறங்குது, அரைகுறை வேலை, வண்டியை நிறுத்து'ன்னுட்டார். டாக்ஸிக்காரர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"ரேடியேட்டரைத் தொறந்து பாத்தான். தண்ணி கொஞ்சம்கூடக் குறையல. பிளக்கையெல்லாம் கழட்டினான், காஞ்சு சுத்தமா இருக்கு. ஒண்ணும் புரியலைன்னுட்டான்."

சின்னவன் அந்தத் துணியைக் கொண்டுவந்திருந்தான். மனைவி கை நீட்டுமுன் கணவன் அதைப் பறித்துக்கொண்டான். தடவிப் பார்த்தான், விரல் வழுக்கியது.

"எண்ணெய்," என்றான் பெருமையாக. "தண்ணிப் புகையா இருந்தா துணி நனையும், இப்படிப் பிசுக்கு பிடிக்காது."

அவள் துணியை வாங்கி ஒரு தடவை முகர்ந்தாள். "சரியாத்தான் சொல்றீங்க. ஆனா இது கார் இன்ஜின் ஆயில் இல்லீங்க. பழைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்ல கலப்பாங்களே, அந்த ஆயில்."

அவனுக்குச் சுருக்கென்றது. பாதி வழி வந்தவனைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள்.

"அந்த டப்பா எங்க அலமாரியில இருக்குக்கா," என்றான் சின்னவன். "அப்பாவோட ஸ்கூட்டருக்கு வாங்கினது. யார் வேணா எடுக்கலாம்."

"அப்புறமென்ன, உங்கண்ணன்தான்," என்றான் கணவன். "தம்பி வளர்றது பொறுக்கல."

அவள் கடையைப் பூட்டி, இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஒர்க்‌ஷாப்பில் அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள். காரை ஸ்டார்ட் செய்து ஓடவிடச் சொன்னாள். முதலில் ஒன்றுமில்லை. சூடேறியதும் புகை கிளம்பியது. போகப் போக மெலிந்து அடியோடு நின்றது. இன்ஜின் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"கேஸ்கெட் போயிருந்தா புகை நிக்காது, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சிருக்கும்," என்றாள். "எரிஞ்சது எண்ணெய். ஆனா இன்ஜினுக்குள்ள எரிஞ்சிருந்தா பிளக்கெல்லாம் நனைஞ்சு கரி பிடிச்சிருக்கணும். பிளக் காஞ்சிருக்கு. அப்போ எண்ணெய் சைலன்சருக்குள்ளதான் இருந்திருக்கு. யாரோ பின்னாலேர்ந்து ஊத்தியிருக்காங்க. சைலன்சர் சூடாகிறவரைக்கும் புகை வராததும் அதனாலதான்."

கணவன் அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினான். "நான்தான் சொன்னேனே."

"அவர் இல்லீங்க. அடர்த்தியா புகை வரப்போகுதுன்னு தெரிஞ்சவர் மூஞ்சியைக் கொண்டுபோய் அங்க வைப்பாரா?" அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "ஐயா, புகையை மோந்து பாக்காம நீங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க. இன்னிக்கு மட்டும் வண்டிக்கு முன்னால நின்னுக்கிட்டே கேஸ்கெட்னு சொல்லிட்டீங்க. என்ன வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

முதலாளி மறுக்கவில்லை.

"ஏன்னுதான் எனக்குப் புரியல," என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "கடைப் பேரு கெட்டா உங்களுக்குத்தானே நஷ்டம். பெத்த பிள்ளை வேற."

அவளுக்குப் புரியாத ஒன்று! ஆனால் கணவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். அவனுக்குப் பதில் நன்றாகவே தெரிந்திருந்தது.

"ஐயா," என்றான். "இப்பல்லாம் வர்றவங்க எல்லாரும் 'சின்னவன் இருக்கானா'ன்னு கேக்கறாங்க, இல்லையா? நீங்க எதிர்லயே நிக்கறப்போ."

முதலாளி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "என்னைப் பாத்துத்தான் கேக்கறாங்க," என்றார். "வாட்ச்மேன்கிட்ட விசாரிக்கிற மாதிரி."

புகைக்காரம்மா முதலாளியைப் பார்க்கவில்லை. தன் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து அந்த இன்ஜின்ல குறை தேடினேன்," என்றார் முதலாளி. "ஒண்ணு கெடைச்சிருந்தாக்கூட அவனை நல்லா திட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கெடைக்கல. அதான்."

சின்னவன் அப்பா எதிரில் வந்து நின்றான். பிறகு, "டாக்ஸிக்காரருக்குப் போன் பண்ணி நீங்களே சொல்லுங்கப்பா. சொன்னா இருக்கேன். இல்லேன்னா இப்பவே கெளம்பறேன்," என்றான்.

அண்ணன் போனை எடுத்து நம்பரைப் போட்டு அப்பாவிடம் கொடுத்தான். முதலாளி அதை வாங்கிக்கொண்டார். இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது, வண்டியைத் தாராளமாக எடுத்துப் போகலாம் என்று சொல்லி முடித்தார். மறுமுனை ஏதோ கேட்டது. அவர் முகம் கறுத்தது. போனைச் சின்னவனிடம் நீட்டினார்.

"உன்னைத்தான் கேக்கறார்," என்றார்.