நழுவாத கவசம்

மனு நாளென்றால் இருமடியில் காலையிலிருந்தே எலும்பு முறியும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். மனு மண்டபத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர்கள் வரிசை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். முழங்கால் முறிந்தால் விறகு பிளந்த மாதிரி கேட்கும். முழங்கைக்குச் சத்தம் கொஞ்சம் குறைவு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆறுவதற்குள் டீயைக் குடிக்க வேண்டுமே.

இருமடியில் எல்லாப் பொருளும் பூமியில் கனப்பதைப் போல் இரண்டு மடங்கு கனக்கும். அந்தக் கோளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அங்கே சுரங்கம் தோண்டப் போன தமிழர்கள் எலும்பை உறுதியாக்கும் ஊசி போட்டுக்கொண்டார்கள். நிதானமாக நடக்கவும், எதையாவது பிடித்துக்கொண்டு உட்காரவும் பழகினார்கள். இப்படி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் போனால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். இரட்டை எடையில் அப்படி விழுவது மாடிப்படி உச்சியிலிருந்து உருள்வதற்குச் சமம்.

இதில் வேடிக்கை, அவர்கள் விழுந்தது ஒரு மனிதரின் காலில்கூட இல்லை. சிபாரிசு, லஞ்சம், சாதி, சொந்தபந்தம் எதுவும் நுழையக் கூடாது என்று குடியேற்றத்தை நிர்வகிக்க ஓர் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். அதன் பெயர் நடுவன். சுவரில் ஒரு சாம்பல் நிறப் பலகை, ஒரு கண், ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். கால் என்ற ஒன்று அதற்குக் கிடையவே கிடையாது. ஆனால் முதல் மனு நாளில் ஒருவன் பழக்க தோஷத்தில் விழுந்தான். விலா எலும்பு முறிந்தது, கேட்டது கிடைத்தது. விழாமல் நின்றவனுக்குக் கிடைக்கவில்லை. ஊருக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நடுவனுக்கோ இவர்கள் எதற்காக விழுகிறார்கள் என்றே தெரியாது. யாருக்குத் துயரம் அதிகமோ அவருக்கு முதலில் கொடு என்பது அதற்கு விதிக்கப்பட்ட சட்டம். எலும்பு முறிந்தவனுக்குத் துயரம் அதிகம்தானே? அவன் வரிசையில் மேலே போனான், எலும்பு கூடியதும் பழையபடி கீழே இறங்கினான். தன் மண்டபத்தில் மட்டும் ஏன் இத்தனை பேர் தடுக்கி விழுகிறார்கள் என்று அது உண்மையாகவே கவலைப்பட்டது. தரை ஓடுகளை மாற்றிப் பார்த்தது. 'தரை வழுக்கும், பார்த்து நடக்கவும்' என்று ஒரு பலகை மாட்டியது. மக்கள் அந்தப் பலகைக்குச் சந்தனம் வைத்தார்கள்.

பிரம்மசக்தி சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு உடைகளை வடிவமைக்கிறவள். அவளுடைய ஒரே மகள் சந்தனமாரிக்குப் பிறவியிலேயே இதயம் பலவீனம். இரட்டை எடையில் அந்த இதயம் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கியது. பூமியிலிருந்து வரும் 'இதயத்துணை' என்ற சிறு கருவியைப் பொருத்தினால் பிழைத்துக்கொள்வாள். ஆனால் கப்பலுக்கு ஒன்றுதான் வரும். அதற்காகப் பிரம்மசக்தியின் கணவன் தவசிமுத்து முதல் தடவை விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். மகளின் பெயர் கொஞ்சம் மேலே ஏறியது. இரண்டாம் தடவை கடையில் கவசம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். முழங்கால் சில்லு இரண்டாகப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"கவசம் என்னங்க ஆச்சு?" என்று பிரம்மசக்தி கேட்டாள்.

"குனியுததுக்குள்ள அது கணுக்காலுக்கு எறங்கிட்டு. விழுந்துகிட்டே அத இழுத்துவிட எனக்கு மூணாவது கையா இருக்கு?"

இன்னொரு தடவை உடைந்தால் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முறிந்த எலும்பு கூடிவிட்டால் மகளின் பெயர் மறுபடி கீழே இறங்கிவிடும் என்பதும், அடுத்த மனுவுக்கும் ஒருவர் விழுந்துதான் ஆக வேண்டும் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். பிரம்மசக்தி பட்டறையில் உட்கார்ந்து யோசித்தாள்.

கவசம் ஏன் நழுவுகிறது? தொடை மேலே பருத்தும் கீழே சிறுத்தும் இருப்பதால், அதைச் சுற்றி எதைக் கட்டினாலும் சிறுத்த பக்கமாகத்தான் இறங்கும். இறுக்கிக் கட்டினால் பாதம் மரத்துப்போகும். போதாததற்கு, காலை மடக்கும்போது முன்பக்கத் தோல் நீள்கிறது, பின்பக்கத் தோல் சுருங்குகிறது, கவசம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறது. அவள் கணவனின் முறியாத முழங்கால் முழுக்க மையால் சின்னச் சின்ன வட்டங்கள் வரைந்தாள். காலை மடக்கி நீட்டச் சொல்லி, எந்த வட்டம் நீள்கிறது, எது நசுங்குகிறது என்று பார்த்தாள். தோலில் சில கோடுகள் இருந்தன. எப்படி மடக்கினாலும் அவை நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. கவசத்தைக் காலைச் சுற்றிக் கட்டாமல் அந்தக் கோடுகளின் மேல் மட்டும் ஒட்டினால் போதும்.

ஒட்டுவதற்கு ஒரு பசையும் கண்டுபிடித்தாள். உயிருள்ள பசை. தோலுக்குள் மெல்லிய வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். தோல் அதைத் தன்னில் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும். குளிக்கலாம், தூங்கலாம், கழற்ற வேண்டியதே இல்லை. சோதனைக்காக முதலில் தன் முழங்கால்களிலும் முழங்கைகளிலும் ஒட்டிக்கொண்டு பட்டறைத் தரையில் தொப்பென்று விழுந்தாள். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள். இருமடியின் வரலாற்றில் அப்படி எழுந்த முதல் ஆள் அவள்தான்.

ஊரே வாங்கியது. அடுத்த மனு நாளில் டீக்கடைக்காரர்களுக்கு வரிசை நகர்வதே தெரியவில்லை, அத்தனை அமைதி. தவசிமுத்து அருமையாக விழுந்தான், சிரித்துக்கொண்டே எழுந்தான். சந்தனமாரியின் பெயர் மடமடவென்று கீழே இறங்கியது. விழுந்த மற்றவர்களுக்கும் அதே கதி. கவசம் வாங்க வழியில்லாத ஒருத்தி மட்டும் பழையபடி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கேட்ட வீடு கிடைத்தது.

சாயங்காலம் பிரம்மசக்தியின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"யக்கா, ஒன் கவசத்த போட்டதுலருந்து ஒரு காரியமும் நடக்கல. நாங்க மனசார விழலன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

"எம் மருமவனுக்கு வேல போச்சே, நீ குடுப்பியா?" என்று ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினார்.

வீடு கிடைத்தவள் யார், கிடைக்காதவர்கள் யார் என்று யோசித்தபோது பிரம்மசக்திக்கு விஷயம் பிடிபட்டது. அந்த இயந்திரம் மரியாதைக்கு மயங்கவில்லை, காயத்துக்கு இரங்கியிருக்கிறது. அதனிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? காயக் கணக்கை எடுத்துவிட்டால், உண்மையான தேவையில் தன் மகளை விட முன்னால் யாரும் இல்லை.

அடுத்த மனு நாளில் அவள் விழவில்லை. நடுவனின் கண்ணைப் பார்த்தபடி நேராக நின்றாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"வணக்கம். உங்கள் தேவை என்ன?" என்றது நடுவன். அது எப்போதும் புத்தகத் தமிழில்தான் பேசும்.

"என் மகளுக்கு இதயத்துணை வேணும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். இங்க ஒருத்தரும் தடுக்கி விழல. எல்லாரும் வேணும்னேதான் விழுதாவ."

"வேண்டுமென்றே என்றால், அந்தக் காயங்களைத் துயரக் கணக்கில் சேர்த்தது என் தவறு. நீக்கிவிட்டேன். இப்போது உங்கள் மகள் முதலிடத்தில் இருக்கிறாள். அடுத்த கப்பலில் வரும் கருவி அவளுக்கு."

இவ்வளவு எளிதாகவா? பிரம்மசக்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த நிமிஷமே அவள் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பாவி, திரும்பவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றது நடுவன். "எதற்காக விழுகிறார்கள்?"

சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு வாய் நிற்காது. "எல்லாம் ஒங்களுக்கு மரியாத காட்டத்தான்."

"அதனால் எனக்கு என்ன பயன்?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. பூமியில பெரிய மனுசங்களுக்கு அது வேண்டியிருக்கும். கால்ல விழுந்தாத்தான் அங்க காரியம் நடக்கும். அந்தப் படமெல்லாம் ஒங்ககிட்டயே இருக்குமே, பாத்துக்கிடுங்க."

நடுவன் பார்த்தது. பூமியில் படமெடுக்கக் கற்ற நாள்முதல் எடுத்த அத்தனை படங்களும் அதன் நினைவில் இருந்தன. அதற்கு இன்னொரு சட்டமும் உண்டு: விதி எதுவும் சொல்லாத இடத்தில் மனித வழக்கத்தைப் பின்பற்று. மேடைகளையும் மாளிகை வாசல்களையும் கார்க் கதவுகளையும் அது பொறுமையாகப் பார்த்தது. விழுந்தவர்கள் யார், பெற்றவர்கள் யார் என்று ஒப்பிட்டது. இத்தனை காலமும் நிர்வாகத்தில் ஒரு பெரிய அம்சத்தைத் தான் கவனிக்காமலே இருந்துவிட்டது அதற்குப் புரிந்தது.

கப்பல் வருவதற்குள் அறிவிப்பு வந்தது. பழைய வரிசை செல்லாது, இனி மனுக்கள் விழும் விதத்தைக் கொண்டு முடிவு செய்யப்படும். பூமியின் படங்களில் யாரும் கவசம் அணிந்து விழவில்லை. ஆகவே கவசத்தோடு விழுவது மரியாதை ஆகாது. மண்டபத்தில் பலகைக்குக் கீழே ஒரு பீடம் எழுந்தது. அதன் மேல் நடுவன் தனக்கென்று இரண்டு எஃகுப் பாதங்கள் செய்து வைத்துக்கொண்டது. இரண்டு கைகளும் செய்துகொண்டது.

ஊர் பூரித்துப்போனது. "அவருக்கு இப்பத்தான் மனசு எறங்கியிருக்கு," என்று பேசிக்கொண்டார்கள். அன்றோடு 'அது' போய் 'அவர்' வந்துவிட்டது, நடுவன் நடுவர் ஆகிவிட்டார். இனி நாமும் அவர் என்றே சொல்லிவிடுவோம், வம்பு எதற்கு?

கப்பல் வந்ததற்கு மறுநாள் மனு நாள். உணவுக் கிடங்குகளை எல்லாம் கையில் வைத்திருக்கும் ஆறுமுகநயினாரும் அன்று மண்டபத்துக்கு வந்திருந்தார். அவருக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் வயது ஆகிறதே, ஒரு இதயத்துணை வீட்டில் இருந்தால் நல்லது என்று நினைத்தார்.

தவசிமுத்துவால் இனி விழ முடியாது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்த கப்பல்வரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரம்மசக்தி வரிசையில் நின்றாள்.

வாசலில் தொண்டர்கள் நின்றார்கள். அவர்களை யாரும் நியமிக்கவில்லை, தாங்களாகவே வந்தவர்கள். சென்ற மாதம் அவள் வாசலில் கத்தியவர்கள்தான். கவசத்தைக் கழற்றும் வேலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது கழறாது," என்றாள் பிரம்மசக்தி. "நழுவக் கூடாதுன்னு செஞ்சது. வேர் தோலுக்குள்ள போயிருக்கு. கரைக்க மருந்து இருக்கு, பட்டறைக்குப் போயி எடுத்துட்டு வாரேன்."

"வரிசைய விட்டுப் போனா மறுபடி கடைசியிலதான் நிக்கணும். பல்லக் கடிச்சுக்கோ யக்கா."

ஒருவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தான். அவள் வடிவமைப்பில் ஒரு குறையும் இல்லை. கவசம் கடைசிவரை இடம் மாறவே இல்லை. தோல்தான் அதோடு சேர்ந்து வந்தது. நான்கையும் உரித்து முடித்ததும் உள்ளே போகலாம் என்றார்கள்.

அவள் பீடத்தின் முன்னால் போய் நின்றாள். மகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, தோலில்லாத முழங்கால்களும் முழங்கைகளும் தரையில் மோத, முழு உடம்பையும் போட்டு விழுந்தாள். வலது முழங்கால் முறிந்த சத்தம் டீக்கடைவரை கேட்டது.

நடுவர் உடனே பேசவில்லை. படங்களில் அந்த இடைவெளியையும் அவர் கவனித்திருந்தார். நெற்றி தரையில் படியும்வரை காத்திருந்து, நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். புத்தகத் தமிழ் போயே போய்விட்டது.

"அட, எழுந்திரும்மா. இதெல்லாம் எதுக்கு?"

"பிள்ளைக்கு..." என்று அவள் தரையிலிருந்தே முனகினாள்.

"எனக்குத் தெரியாதா? பாக்கலாம். ஆவன செய்யுதேன்."

அவளை ஓரமாக இழுத்துப்போட்டார்கள். "ஆவன செய்யுதேன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாருல்லா!" என்று யாரோ அவள் காதில் சொல்லி வாழ்த்தினார்கள்.

அடுத்தது ஆறுமுகநயினார். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முழங்காலை லேசாக மடக்கியதுதான் தாமதம். நடுவரின் இரண்டு கைகளும் பாய்ந்து வந்து அவர் தோள்களைத் தாங்கிப் பிடித்தன.

"அண்ணாச்சி! நீங்க போயி என் கால்ல விழலாமா?"

"இல்ல, சும்மா... வீட்டுல ஒண்ணு கெடக்கட்டுமேன்னு..."

"ஒங்களுக்கு இல்லாமலா?" என்று நடுவர் இதயத்துணையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. தட்டாதவர்கள் யார் என்று நடுவரின் கண் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. தவசிமுத்து அதைப் பார்த்துவிட்டான். அவசர அவசரமாக மகளைத் தரையில் கிடத்திவிட்டு அவனும் கைதட்டினான். அடுத்த மனு நாளைக்கும் இவரிடம்தானே வந்தாக வேண்டும் என்று நினைத்தான். அடுத்த மனு நாளில் கேட்பதற்குத் தன்னிடம் எதுவும் மிஞ்சியிருக்காது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.