தட்டுவதற்கு முன்பே உயர்ந்த விரல்

ஒரே ஒரு தடவை அவள் இருமிக்கொண்டு மேலே வரட்டும். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, எல்லாரும் பார்க்க, ஒரே ஒரு தடவை.

பயிற்சிக் குளத்தின் இரும்புக் கதவைத் தள்ளும்போது மூத்தவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய் வேறு சொன்னது.

"பாத்து வா. படி வழுக்கும்."

"சரிக்கா," என்றாள் பின்னால் வந்த சின்னவள்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் நாலு வருஷமாக இருப்பவர்கள். சின்னவளுக்கு எதுவும் சுலபமாக வந்தது. பத்தே நாளில் கார் ஓட்டினாள். மூத்தவள் வருஷக்கணக்காகப் பாடுபட்டும் மாமியார் வாயிலிருந்து வராத ஒரு "நல்லா இருக்கு", சின்னவளுக்கு முதல் வாரத்திலேயே கிடைத்தது. மூத்தவள் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்ன அன்றைக்கே சின்னவள் வந்து நின்றாள்.

"நானும் வரேன்க்கா. ஜாலியா இருக்கும்."

"போகட்டுமே," என்றார் மாமியார். "அவ கூட இருந்தா உனக்கும் கொஞ்சம் தைரியம் வரும்."

கப்பல் ஊழியர்களுக்காக எப்போதோ கட்டிய குளம் அது. கூரைக் கண்ணாடியில் பாசி படிந்திருந்ததால் நடுப்பகல் வெயிலும் பச்சையாகத்தான் உள்ளே இறங்கியது. குளோரின் வாடை. அதற்கு அடியில் ஈர ரப்பரின் வாடை. எங்கேயோ ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டுக்குக் காது தானாகக் காத்திருக்கும். மேட்டுப் பக்கம் மார்பளவுத் தண்ணீர், அடுத்த பக்கம் மூன்று ஆள் ஆழம். ஆழப் பக்கத்தின் தரை தெரியாது.

முதல் இரண்டு வகுப்பும் முதுகில் காற்று சிலிண்டரோடு. முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மூத்தவள் மூன்று தடவை திணறி எழுந்தாள். சின்னவள் முதல் தடவையே செய்து முடித்து, "அவ்வளவுதானா?" என்றாள். அன்றிலிருந்து பயிற்சியாளர் அவளை மீன்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார். மூத்தவளை அவர் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

மூன்றாவது வகுப்பு, சிலிண்டர் இல்லாமல் மூச்சுப் பிடிப்பது.

"மயக்கம் வர்றது உங்களுக்கே தெரியாது," என்றார் பயிற்சியாளர். "சுகமா தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அதனாலதான் ஜோடி. ஒருத்தர் குப்புற மிதக்கணும், இன்னொருத்தர் பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கணும். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு தட்டு. மிதக்கிறவங்க ஒரு விரலைத் தூக்கிக் காட்டணும். தூக்கலைன்னா யோசிக்கவே கூடாது. புரட்டி, முகத்தை மேல கொண்டு வந்துடுங்க."

"தூக்கினா?" என்றாள் மூத்தவள்.

"தூக்கினா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். வேற என்ன?"

இன்னொரு ஜோடியாக வந்திருந்த புதுக் கணவனும் மனைவியும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள்.

முதலில் மூத்தவள் மிதந்தாள். வலது கையைச் சின்னவள் பிடித்திருந்தாள். இடது கை கீழே தொங்கியது. முதல் தட்டுக்கு விரல் தூக்கினாள். இரண்டாவதற்கும் தூக்கினாள். வயிறு இழுக்கத் தொடங்கியபோது இன்னொரு தட்டு வந்தது.

இடது கையில்.

கீழிருந்து.

பதறி எழுந்தாள். "நீ இந்தக் கையிலயும் தட்டினியா?"

"இல்லையேக்கா. நான் இந்தப் பக்கம்தானே நிக்கறேன்." சின்னவள் நேரத்தைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் பத்து செகண்டு. பரவாயில்லக்கா, போகப்போக வரும்."

அந்தப் பரவாயில்லைதான் தாங்க முடியவில்லை. இடது கையில் தட்டியது என்ன என்று யோசிக்கக்கூட அது இடம் விடவில்லை.

சின்னவளின் முறை வந்தது. நீண்ட மூச்சு எடுத்துக் குப்புறக் கவிழ்ந்தாள். கூந்தல் விரிந்து பரவியது. மூத்தவள் வலது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டியவள் கடிகாரத்தையே பார்த்து நின்றாள்.

ஒரு நிமிஷம். தட்டினாள். விரல் உயர்ந்தது.

ஒன்றரை. உயர்ந்தது.

இரண்டு. உயர்ந்தது.

இரண்டரை ஆனபோது அவளுக்குள் ஏதோ காய்ந்து வெடித்தது. இதிலும் நீதானா? வீட்டுக்குப் போய் எத்தனை நிமிஷம் என்று நீ சொல்ல வேண்டாம், மாமியாரே கேட்டு வாங்கிக்கொள்வார். தட்டினாள். விரல் உயர்ந்தது.

மூன்று நிமிஷம். பயிற்சியாளர் ஆழப் பக்கத்தின் ஓரத்தில் அந்தக் கணவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவள் தட்டினாள். விரல் உயர்ந்தது.

மூன்றரை ஆகப் போகிறது.

அவள் தட்டவில்லை. விரல் உயர்ந்தது.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கைகளைப் பிடித்து நரம்பு தேடுகிறவள். எந்தக் கையைப் பிடித்தாலும் அவள் கட்டைவிரல் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடும். இப்போதும் போயிற்று.

நாடி இல்லை.

தோல் சுருங்கிக் கிடந்தது. வெகு நாள் ஊறிய தோல்.

மெல்லக் குனிந்து பார்த்தாள். சின்னவளின் வலது கை தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையும்தான். இரண்டிலும் விரல்கள் விரிந்து கிடந்தன. நகப்பூச்சின் சிவப்புகூடத் தெரிந்தது.

அப்படியானால் தன் பிடியில் இருப்பது?

அந்தக் கையின் மணிக்கட்டுக்கு அப்பால் பச்சை இருட்டு மட்டும் இருந்தது. விரல் மறுபடி உயர்ந்தது. பொறுமையாக, அவளைச் சமாதானப்படுத்துவதுபோல. எல்லாம் நல்லா இருக்கு. நீ தட்டினாய், பதில் வந்தது. யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்.

அவள் பார்த்தாள்.

எத்தனை நொடி என்று அவளுக்குத் தெரியும். ஏழு.

எட்டாவது நொடியில் கையை உதறிவிட்டுச் சின்னவளைப் புரட்டினாள். உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது. பயிற்சியாளர் குதித்து நீந்தி வந்தார், கன்னத்தில் தட்டினார், முகத்தில் ஊதினார். "மூச்சு விடு. மூச்சு விடும்மா."

சின்னவள் இருமினாள். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, எல்லாரும் பார்க்க.

கரையில் துண்டைப் போர்த்தி உட்கார வைத்த பிறகு அவள் முனகினாள். "ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம் நீங்க தட்டவே இல்லையேக்கா. உங்க தட்டு வரட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

மூத்தவள் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்திவிட்டாள். உடை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது பயிற்சியாளரிடம் தனியாகக் கேட்டாள்.

"இங்க இதுக்கு முன்னாடி யாராவது…"

அவர் ஈரக் கடிகாரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

"உங்க கவனம்தான் அந்தப் பொண்ணைக் காப்பாத்துச்சு," என்றார் கடைசியில். "அதோட விடுங்க."

வீட்டில் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கொழுந்தன் கண் கலங்கக் கும்பிட்டான். "நீ இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?" என்று மாமியார் அவள் தலையைத் தடவினார். இத்தனை வருஷம் ஏங்கிய கை. ஏழு நொடி, ஏழு நொடி என்று உள்ளே ஒன்று எண்ணிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது சின்னவள் வந்து நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை கடல்ல இறக்குறாங்களாம். நான் பேர் குடுத்துட்டேன்."

"மறுபடியுமா?"

"பயந்து நின்னா அப்படியே நின்னுடுவேன்க்கா. ஆனா ஜோடி நீங்கதான். வேற யார் கையையும் நான் நம்ப மாட்டேன்."

மூத்தவள் குழாயை மூடினாள். வலது கையை அவள் பார்வையில் படாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அன்றிலிருந்து அந்த உள்ளங்கை மட்டும் உலரவே இல்லை. எத்தனை துடைத்தாலும் ஊறிச் சுருங்கியே இருந்தது. வேலைக்குக் கையுறை போட்டுக்கொண்டு போனாள்.

அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அந்த இடைவெளியில் ஒரு கை வந்து அவள் கைக்குள் அடங்கியது. நன்றாகப் பழகிய கைபோல விரல்களைக் கோத்துக்கொண்டது. அவள் கட்டைவிரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. அங்கே தேடிப் பார்த்து நின்றது.

"என்னக்கா யோசனை? வரீங்கதானே?"

சின்னவளின் கண்ணில் துளிச் சந்தேகம் இல்லை. பின்னால் இருந்த பிடி கொஞ்சம் இறுகியது.

"இல்லம்மா," என்றாள் மூத்தவள், குரலை உயர்த்தாமல். "உன் கையை நான் பிடிக்க மாட்டேன்."