டாக்டரின் கடைசிப் படம்

டாக்டரின் உடல் விடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பாறையின் அடியில், இரண்டு கற்களுக்கு நடுவே, அலை வந்து வந்து இழுத்தும் போகாமல் குப்புறக் கிடந்தது. பாறை உச்சியில் அவருடைய கேமரா மட்டும் ட்ரைபாடில் நின்று, தெற்கே மணல்திட்டையும் பாழடைந்த கலங்கரை விளக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பறவைப் படம் எடுக்கும் கணவரோடு, மனித வாடையே இல்லாத தீவில் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம் என்று லீவு போட்டு வந்தால், இங்கேயும் பிணம்.

“உன் ராசி அப்படி,” என்றார் கணவர். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

காலை ஏழரைக்குள் விடுதியில் தங்கியிருந்தவர்களே வழக்கை முடித்துவிட்டார்கள். முந்தின நாள் காலையில் டாக்டரும் அவர் மைத்துனனும் பாறைக்குப் போனார்கள். தலைவலி என்று மைத்துனன் பதினோரு மணிக்கே திரும்பி, ராத்திரிவரை கூடத்தில் எல்லோர் கண்முன்னால் சீட்டாடினான். கேமராவின் கடைசிப் படத்தில் பதிந்திருந்த நேரம் மாலை நாலரை. ஆக, அதுவரை டாக்டர் உயிரோடு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அங்கே போனவன், சாயங்காலம் அவரைக் கூட்டிவரப் போன படகுக்காரன் ஒருவன்தான். வேறென்ன வேண்டும்? அவன் படகுக் கயிற்றாலேயே அவனைக் கட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

அவன் மனைவிதான் விடுதியின் சமையல்காரி. நிறைமாத வயிற்றோடு வந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, போலீஸ் படகு வந்தா இவரைக் கொண்டு போயிடுவாங்க. எங்கள மாதிரி ஆளுங்க ஒரு தடவ உள்ள போனா எப்ப வெளிய வர்றது? பிள்ளை அப்பன் முகத்தைப் பாக்க வேணாமா?”

இன்ஸ்பெக்டர் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். “அழாதம்மா. படகு ஏன் இன்னும் வரல?”

“நேத்து மத்தியானம் காத்து திரும்பிடுச்சே. காலையில அடிச்ச வாடைக்காத்து போயி, இப்ப தென்காத்து. அது அடங்கணும்.”

கொட்டகையில் படகுக்காரன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“டாக்டரோட சண்டையா?”

“எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாருங்க. சண்டை எதுக்கு?”

“அவரைக் காணோம்னு சொன்னியா?”

“வந்ததும் சொன்னேன். நடந்தே வந்துடுவாருன்னு மச்சான்காரரு சொன்னாரு. அப்புறம் இருட்டிடுச்சு.”

அறைக்குத் திரும்பினால், கணவர் தன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு எதையோ பறிகொடுத்தவர்போல் இருந்தார்.

“உங்களுக்கு என்ன வந்தது?”

“நேத்து பூரா இந்த விடுதிக் கரையிலேர்ந்து, கலங்கரை விளக்கத்தைப் பின்னால வச்சு, மணல்திட்டுல உக்காந்திருந்த ஆலாப் பறவைக் கூட்டத்தைத்தான் எடுத்தேன். காலையில எல்லாம் என்னையே பாத்து உக்காந்திருந்துச்சு. மத்தியானத்துக்கு மேல பூரா முதுகு. ஒண்ணுகூட திரும்பல!”

“எத்தனை நேரம்தான் உங்க மூஞ்சியையே பாக்கும்?”

“கிண்டல் பண்ணாத. டாக்டரை நினைச்சாத்தான் மனசு ஆறல. அத்தனை பறவைப் பட புஸ்தகம் போட்ட மனுஷன், முந்தாநாள் ‘ஃபோகஸ் எங்க மாத்தறது’ன்னு என்கிட்ட கேக்கறாரு. விளையாட்டுக்குத்தான்.”

அவள் டாக்டரின் கேமராவை எடுத்து, கடைசிப் படத்தில் இருந்த ஆலாக் கூட்டத்தை வெகுநேரம் பார்த்தாள்.

கூடத்தில் பகலிலேயே விளக்கெரிந்தது. நேற்றைப் போலவே வானம் மூடிக் கிடந்தது. வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. காலையா மாலையா என்றே தெரியாத அழுமூஞ்சி வெளிச்சம். அவள் கேமராவை மைத்துனன் முன்னால் வைத்தாள்.

“இது எத்தனை மணிக்கு எடுத்தது?”

“அதுலயே இருக்கே. நாலரை.”

“பறவை எந்தப் பக்கம் பாக்குது?”

அவன் குனிந்து பார்த்தான். பார்த்தவன் நிமிரவில்லை.

“தரையில உக்கார்ற பறவை காத்துக்கு முகத்தைக் காட்டித்தான் உக்காரும். முதுகுல காத்தடிச்சா இறகு கலைஞ்சிடும். நேத்து காலையில வாடை, அதனால வடக்கே, கேமராப் பக்கம் பாத்துது. நாலரைக்குத் தென்காத்து. அப்ப முதுகுதானே தெரியணும்? இதுல ஒண்ணு பாக்கியில்லாம முகம். ஒண்ணு ரெண்டு தப்பாத் திரும்பலாம், கூட்டமே திரும்புமா? இது காலையில எடுத்த படம். அவரைத் தள்ளிவிட்டுட்டு, கேமரா கடிகாரத்தை நாலரைக்கு மாத்தி, படம் எடுத்து, மறுபடி சரிபண்ணிட்டு சீட்டாட வந்துட்ட.”

மைத்துனன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவர் புஸ்தகத்துல இருக்கற படம் பூரா நான் எடுத்தது. சேத்துலயும் குளிர்லயும் கிடந்தவன் நான், அட்டையில அவர் பேரு. இந்த ஒரு தடவையாவது என் பேரையும் போடுங்க அத்தான்னு கெஞ்சினேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியல.”

அவன் திரையை விரலால் துடைத்தான்.

“வெளிச்சத்தைப் பாத்தேன், ஃபோகஸைப் பாத்தேன். காத்தை மறந்துட்டேன். ஆனாலும் நல்லா வந்திருக்கு இல்ல? இதுவும் அவர் பேர்லதான் போகுமா?”

“இல்ல,” என்றாள் இன்ஸ்பெக்டர். “இது உன் பேர்லதான் போகும்.”

பிறகு கணவரிடம், கொட்டகைக்குப் போய் அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னாள்.