எதையும் கேட்காத இசை

நிலாக் குடியிருப்பில் ஒருவர் கேட்கும் பாட்டு அடுத்தவர் காதில் விழாது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மனமீட்டி மூளையைப் படித்து, அந்த நொடிக்குப் பிடித்த இசையை அவரவருக்கு மட்டும் உருவாக்கித் தரும். சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தாலும் அங்கே பேச்சுச் சத்தம் இருக்காது.

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த செல்வினுக்கு அது ஒத்துவரவில்லை. அவர் மனைவி ஜெசிந்தா இறந்து, நிலா மண்ணிலேயே அடக்கமாகியிருந்தாள். அதன் பிறகு மனமீட்டி எதை வாசித்தாலும் அவர் உடைந்துபோனார். கழற்றி வைத்தால் நிசப்தம் தாங்காமல் வேலையில் பிழை செய்தார். அடுத்த கப்பலில் அவரைப் பூமிக்கு அனுப்ப நிர்வாகம் முடிவெடுத்தது.

செல்வின், மனமீட்டிகளைப் பழுதுபார்க்கும் தில்லைநாயகியிடம் வந்து நின்றார்.

"அவள இங்க தனியா விட்டுட்டு எப்படிம்மா போவேன்? இது சோகமா வாசிச்சு 'அழு'ங்குது. சந்தோசமா வாசிச்சு 'மறந்துரு'ங்குது. எதையாவது சொல்லிக்கிட்டே கெடக்கு."

தில்லைநாயகி அவருடைய கருவியில் மூளையைப் படிக்கும் பகுதியை அணைத்தாள். பிறகு இசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தாள். வரிகள் போயின. மெட்டு போனது. கடைசியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தாழ்ந்த துடிப்பும், அதன் பின்னால் எப்போது மாறியதென்றே தெரியாமல் மாறும் ஒரு மெல்லிய ஒலியும் மிஞ்சின. பூமியில் ஒரு காலத்தில் இதை மினிமல் டெக்னோ என்றார்கள்.

செல்வின் அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

அவள் முகம் வாடியது.

"அதான் நல்லாருக்கு," என்றார். "ஒக்கார எடம் கெடச்ச மாதிரி இருக்கு. இப்பதான் அவள நானா நெனச்சுக்கிட்டேன்."

அவர் வேலை சீரானது; கப்பல் அவரில்லாமல் போனது. மற்றவர்களும் அந்த இசையைக் கேட்டு வாங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே இசைதானே என்று யாரோ அதைக் கூடத்து ஒலிபெருக்கியில் போட, காதுகளிலிருந்து மனமீட்டிகள் இறங்கின.

சில வாரங்களில் மேலாளர் அன்வர் கவலையோடு வந்தார்.

"நாயகி, சில பேருக்கு மனமீட்டிய மாட்டி அளந்து பார்த்தேன். ரசனை சுழியம்னு காட்டுது. யாருமே கேக்கல. நிறுத்திடலாமா?"

"நிறுத்திப் பாருங்க சார்."

கூடம் பேச்சால் இரைந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா நிலாவின் குறைந்த ஈர்ப்பில் முதன்முதலாகத் திருப்பிப் போட்ட தோசை கூரையில் போய் ஒட்டிக்கொண்டதைச் செல்வின் சொல்லிக்கொண்டிருந்தார். அன்வர் ஒலியை அணைத்தார்.

பேச்சு சட்டென்று அறுந்தது. அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"போட்டு விடுங்க சார்," என்றார் செல்வின். "தோசை இன்னும் கீழ விழல."