ஆறடிச் சுவருக்குள்

இன்னும் உள்ளே போகாத பெட்டியில் ஸ்டிக்கர் சிவந்திருந்தது.

தன் கவனக்குறைவாக இருக்கும் என்றுதான் தேவிகா முதலில் நினைத்தாள். சிரிஞ்சுகளும் கையுறைகளும் அடைத்த பெட்டிகள் காரைக்காலுக்கு வெளியே வயல்களின் நடுவில் இருந்த அந்தக் கூடத்துக்கு லாரியில் வரும். ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அனுப்புவது அவள் வேலை. பெட்டி உருளைகள்மேல் நகர்ந்து ஆறடித் தடிமனுள்ள கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போகும்; அங்கே எலெக்ட்ரான் கதிர் பட்டுக் கிருமியெல்லாம் சாகும்; மறுபக்கம் வெளிவரும்போது மஞ்சள் சிவப்பாகியிருக்கும்.

ஆனால் மின்சாரம் ஏறி இறங்கியதால் காலையிலிருந்து இயந்திரமே ஓடவில்லை. தகரக் கூரையில் ஐப்பசி மழை மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அவள் அதைப் பிய்த்துவிட்டு வேறொன்றை ஒட்டினாள். குனிந்து பெட்டியின் எண்ணை எழுதி நிமிர்வதற்குள் அதன் விளிம்பிலிருந்து சிவப்பு ஊறி நடுவுக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு வாடை. இடி விழுந்த இடத்தில் வருவதுபோல, கருகிய வயரும் ஈர இரும்பும் கலந்த வாடை. எங்கிருந்து வருகிறது என்று நாலாபக்கமும் முகர்ந்து பார்த்தாள். கடைசியில் அது அவளுடைய சட்டைக் கையிலிருந்தே வந்தது.

"சார், இங்க கொஞ்சம் வாங்களேன்."

ஷிஃப்ட் பொறுப்பாளர் சிவநாதன் கதிர் அளக்கும் மீட்டரோடு வந்து பெட்டியைச் சுற்றிக் காட்டினார். முள் அசையவில்லை. அவளைச் சுற்றியும் காட்டினார். அசையவில்லை.

"மெஷினே ஓடல, எப்படிம்மா செவக்கும்? ரோல் கெட்டுப்போயிருக்கும். வேற ரோல் எடுத்துக்குங்க."

அவர் போன பிறகு புது ரோலைப் பிரித்தாள். நடைவழிச் சுவரில் இரண்டெட்டுக்கு ஒன்றாகப் பத்து ஸ்டிக்கர்களை அவசர அவசரமாக ஒட்டிக்கொண்டே கோடி வரை ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தது சிவந்திருந்தது. அதற்கு அடுத்தது பாதி. தூரத்தில் இருந்தவை இன்னும் மஞ்சள்.

வந்த வழியே ஓரெட்டு வைத்தாள். பாதி முழுதானது.

இன்னோரெட்டு. அடுத்தது சிவந்தது.

நின்றாள். சிவப்பும் நின்றது.

எப்போதிலிருந்து? இன்றா, நேற்றா? இரவு மகள் இனியா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். காலையில் மடியில் உட்கார வைத்துத்தான் தலை பின்னிவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை.

கணவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு நான் வரல. நாளைக்கும் வரல. இனியாவ நீங்க பாத்துக்குங்க."

"என்ன தேவிகா, ஒடம்பு சரியில்லயா?" என்றான் ராஜ்மோகன். "நான் வந்து அழைச்சிட்டுப் போறேன்."

"வராதீங்க. கிட்டயே வராதீங்க!"

துண்டித்தாள். குரும்பகரத்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸை நினைத்தாள். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், சீட்டில் இடமில்லாமல் யாராவது மடியில் உட்கார வைக்கும் குழந்தை. போக ஓர் இடமும் இல்லை. கதிரை வெளியே விடாமல் தடுக்கக் கட்டியது ஒன்றே ஒன்றுதான் அங்கே இருந்தது.

அந்தக் கான்கிரீட் அறையின் கனத்த கதவு திறந்தே கிடந்தது. மூன்று திருப்பங்கள் கொண்ட குறுகலான வழியில் போய், இயந்திரத்தின் எஃகு மூக்குக்குக் கீழே உட்கார்ந்தாள். ஒற்றை விளக்கு எரிந்தது. மழைச் சத்தம் அற்றுப்போயிருந்தது. அவள் மூச்சு சுவரில் பட்டு அவளுக்கே திரும்பி வந்தது. வாடை தடித்துக்கொண்டே போனது. எவ்வளவு நேரம் இருந்தாளோ.

பிறகு வாசல் பக்கம் சிவநாதனின் குரல்.

"கேமராவுல பாத்தேன் ராஜ்மோகன், உள்ளதான் ஒக்காந்திருக்காங்க. என்ன கூப்பிட்டும் வர மாட்டேங்கிறாங்க. கரண்ட்டெல்லாம் ஆஃப்புதான், பயமில்ல. பாப்பா, நீ போயி அம்மாவ அழைச்சிட்டு வா."

ஈரச் செருப்பின் சத்தம். சின்னச் சத்தம்.

"வராத இனியா!"

கத்தினாள். திருப்பங்களில் மோதி மோதி அந்தக் குரல் சொல்லில்லாத வெறும் ஓசையாகிப் போனது. குழந்தை சிரித்தது.

"அம்மா, எங்க ஒளிஞ்சிருக்க?"

முதல் திருப்பம்.

தேவிகா எழுந்து பின்னால் போனாள். சுவர் முதுகில் இடித்தது.

இரண்டாவது.

"சார், தூக்கிட்டுப் போங்க! அவள தூக்கிட்டுப் போங்க!"

யாரும் வரவில்லை. கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக ஒட்டிக்கொண்டாள். அதற்கு மேல் போக வழியில்லை.

மூன்றாவது.

"கண்டுபுடிச்சிட்டேன்!"

இனியா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஓரெட்டு நெருங்கியதும் அந்தக் கைகளின் தோல் எண்ணெய்த்தாள் போல வெளிறியது. இன்னோரெட்டு. விரல்களுக்குள்ளே எலும்புகள் ஒவ்வொன்றாகக் கறுத்துத் தெரிந்தன. மணிக்கட்டு. முழங்கை. கழுத்தெலும்பு.

குழந்தை சிரித்துக்கொண்டே வந்தது. சிரிப்புக்குப் பின்னால், இன்னும் முளைக்காத பற்கள் ஈறுக்குள் வரிசையாக நின்றன.